பாட்டுக்கு நடுவே விழுந்த குரல்கள்

வருஷக் கடைசி வந்தால் ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். பார்த்ததில் பிடித்த பத்துப் படம், கேட்டதில் பிடித்த பத்துப் பாட்டு, படித்ததில் பிடித்த ஐந்து புத்தகம். என் போனில் இருக்கும் பாட்டு ஆப்கூட நான் இந்த வருஷம் எத்தனை நிமிஷம் கேட்டேன் என்று கணக்குப் போட்டு அனுப்பிவிட்டது. ஆனால் நான் இந்த வருஷம் அதிகம் கேட்டது அந்தக் கணக்கிலேயே இல்லை. அது தூத்துக்குடி வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின்னிலும் இரண்டு செருப்புப் பெட்டிகளிலும் கிடந்த 38 ஆடியோ கேசட்கள்.

அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். மாற்றும்போது புரிந்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். அந்தக் கேசட்களில் இருக்கும் சினிமாப் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இன்று இன்டர்நெட்டில் இதைவிட நூறு மடங்கு சுத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றுக்காக யாரும் மெனக்கெட வேண்டாம். வேறு எங்கேயும் கிடைக்காதது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு இருமல், ஒரு அதட்டல், குக்கர் விசில், "கதவச் சாத்துல". நாம் இரைச்சல் என்று நினைத்து வெட்டி எறிவதுதான் வீட்டின் ஆவணம்.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது இல்லை. ஏன் அப்படி ஆனது என்பதற்குத் தெளிவான தொழில்நுட்பக் காரணங்கள் இருக்கின்றன.

ஒரு விநாடி என்பது 4.76 சென்டிமீட்டர்

முதலில் கேசட் என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளர். ஆரம்பத்தில் இதை முக்கியமாகப் பேச்சைப் பதிவு செய்யும் கருவியாகத்தான் நினைத்தார்கள். பாட்டுக்கு இது ஈடு கொடுக்கும் என்பதெல்லாம் பின்னால் டேப்பின் தரம் ஏற ஏற வந்தது.

உள்ளே இருக்கும் டேப்பின் அகலம் 3.81 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் படலத்தின்மேல் இரும்பு ஆக்ஸைடு பூசியிருப்பார்கள். நம்ம ஊர்ப் பாஷையில் துருவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. டேப் ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். அதாவது ஒரு ஆளின் ஒரு விநாடிப் பேச்சு நான்கே முக்கால் சென்டிமீட்டர் நீளத்துக்கு இந்தத் துருத் தூளில் எழுதப்பட்டிருக்கிறது. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பதிவு செய்யும்போது டேப் முதலில் எரேஸ் ஹெட்டைத் தாண்டும். அங்கே பழையது அழியும். அடுத்து ரிக்கார்டிங் ஹெட்டைத் தாண்டும். அங்கே புதியது ஏறும். பழசை அழிக்காமல் புதுசு ஏறாது. 'அழிக்கவா வேண்டாமா' என்று எந்த டேப் ரிக்கார்டரும் நம்மிடம் கேட்டதில்லை. கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் ரிக்கார்ட் பட்டன் இறங்காது. அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி இறங்கும். எங்கள் வீட்டுக் கேசட்களில் பாதிக்கு மேல் உடைத்து, பிறகு ஒட்டியவைதான். ஒவ்வொரு செல்லோடேப் துண்டும் 'இதில் முன்னால் இருந்தது இனிமேல் வேண்டாம்' என்று யாரோ ஒரு நாள் எடுத்த முடிவு.

மட்டமான கருவி, நிறைந்த வீடு

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டேப் ரிக்கார்டர், கப்பலில் வேலை பார்த்த ஒரு உறவுக்காரர் கொண்டுவந்தது. ஒற்றை ஸ்பீக்கர், மோனோ, பியானோ கட்டை மாதிரி ஐந்து பட்டன். அதில் ரேடியோ கிடையாது. ரேடியோ தனியாக அலமாரியில் இருந்தது. ரேடியோவில் வரும் பாட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஒரே வழி, டேப் ரிக்கார்டரை ரேடியோவுக்கு எதிரே வைத்து, ரிக்கார்டையும் பிளேயையும் சேர்த்து அமுக்கி, வீட்டில் எல்லோரையும் வாயை மூடச் சொல்வது.

வீட்டில் எட்டுப் பேர். மூடுவார்களா?

கருவியில் இருந்த மைக்குக்கு ரேடியோ எது, ஆச்சி எது என்று தெரியாது. அறையில் இருந்தது எல்லாம் ஏறியது. அதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. விலை குறைந்த டேப் ரிக்கார்டர்களில் ரிக்கார்டிங் அளவைக் கையால் திருகி வைக்கும் வசதி இருக்காது. அதற்குப் பதில் ஆட்டோமேட்டிக் லெவல் கண்ட்ரோல் என்று ஒரு சர்க்யூட். சத்தம் அதிகமானால் அது மைக்கின் கூர்மையைக் குறைக்கும். சத்தம் குறைந்தால் தானாகவே கூட்டும். பாட்டு ஓடும்போது அறையின் சத்தம் அடியில் அமுங்கிக் கிடக்கும். பாட்டு முடிந்து ரேடியோ அமைதியாகும் அந்த மூன்று நான்கு விநாடியில் இந்த சர்க்யூட் 'என்ன, சத்தத்தையே காணோம்' என்று கூர்மையை ஏற்றிக்கொண்டே போகும். அடுப்படியில் பாத்திரம் வைக்கும் சத்தம், தெருவில் சைக்கிள் மணி, சுவர்க் கடிகாரம் எல்லாம் மெல்ல மேலே எழுந்து வரும். அடுத்த பாட்டு தொடங்கியதும் மறுபடி முங்கிவிடும்.

ஹெட்போன் போட்டுக் கேட்டால் வீடு மூச்சு விடுவது மாதிரி இருக்கும். அந்த மட்டமான சர்க்யூட் மட்டும் இல்லையென்றால் பாதிக் குரல்கள் இன்று கேட்கவே கேட்காது.

அப்புறம் 1987இல் சித்தப்பா சவுதியில் இருந்து முதல் லீவில் வந்தபோது டூ-இன்-ஒன் கொண்டுவந்தார். ரேடியோவும் டேப்பும் ஒரே பெட்டியில். ரேடியோப் பாட்டு உள்ளுக்குள்ளேயே கம்பி வழியாக டேப்புக்குப் போய்விடும். யாரும் வாயை மூட வேண்டாம், கதவைச் சாத்த வேண்டாம். அந்த வருஷத்துக்குப் பிறகு பதிவான கேசட்களில் பாட்டு சுத்தமாக இருக்கிறது. 'மௌன ராகம்' (1986) பாட்டெல்லாம் அருமையாகக் கேட்கிறது. ஆனால் வீட்டைக் காணோம். ஒரு இருமல்கூட இல்லை. நாம் கருவியை மேம்படுத்தியதும் வீடு பதிவில் இருந்து வெளியே போய்விட்டது. 38 கேசட்களையும் வருஷப்படி அடுக்கிக் கேட்டால் இந்த வெட்டு கத்தியால் கீறினமாதிரி தெரிகிறது.

மூன்றாவது வகை, ரிக்கார்டிங் கடைக் கேசட். ஒரு தாளில் இருபது பாட்டு எழுதிக் காலி கேசட்டோடு கொடுத்தால், சில நாள் கழித்துப் பதிந்து தருவார்கள். அந்த டேப்பில் குடும்பம் கொஞ்சமும் கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் அட்டையில் அத்தையின் கையெழுத்து இருக்கிறது. எந்தப் பாட்டை முதலில் எழுதியிருக்கிறாள், எதை அடித்துவிட்டு எதைச் சேர்த்திருக்கிறாள் என்பதெல்லாம் அவளுடைய இருபது வயசைச் சொல்கிறது. அந்த வகையில் டேப்பைவிட அட்டைதான் முக்கியம். ஸ்கேன் செய்து வையுங்கள்.

அலையடிக்கும் பாட்டு

எண்பதுகளில் தூத்துக்குடியில் இருந்தவர்களுக்கு இலங்கை வானொலியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது எல்லாம் எங்களுக்கு வீட்டு மனிதர்கள். 'பாட்டுக்குப் பாட்டு' வந்தால் எங்கள் வீட்டிலும் ஒரு போட்டி நடக்கும். திருச்சி வானொலியைவிட இலங்கை ஏன் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது என்று சின்ன வயசில் யோசித்திருக்கிறேன். மத்திய அலை பகலில் தரையை ஒட்டிப் பயணம் செய்யும். காய்ந்த மண் அந்த அலையைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி, அதனால் கடல்மேல் அலை அதிகம் தேயாமல் போகும். எங்களுக்கும் இலங்கைக்கும் நடுவே இருந்தது மன்னார் வளைகுடா. காரணம் அவ்வளவுதான்.

ராத்திரியில் கதை வேறு. பகலில் வானத்தின் கீழ்ப்பக்க அயனி அடுக்கு ஒன்று மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலைகள் இன்னும் உயரத்தில் இருக்கும் அடுக்கில் பட்டுத் திரும்பித் தூரத்துக்கு வரும். தரை வழியாக வருவதும் வானத்தில் பட்டு வருவதும் சில நேரம் ஒன்றைக் கூட்டும், சில நேரம் ஒன்றை அடிக்கும். அதனால் பாட்டு அலையடிக்கிற மாதிரி ஏறி இறங்கும்.

இது எதற்கு உதவும் என்கிறீர்களா? கேசட்டில் எந்த நேரத்தில் பதிந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பாட்டு ஏறி இறங்கி அலையடித்தால் அது பெரும்பாலும் இருட்டிய பிறகு பதிந்தது. சீராக இருந்தால் அநேகமாகப் பகல். டேப்பே மணி சொல்கிறது.

பாட்டை அளவுகோலாக வைப்பது

பாட்டு கிடைக்கும், அதற்காக மெனக்கெட வேண்டாம் என்று மேலே சொன்னேன். ஆனாலும் பாட்டை வெட்டிவிடாதீர்கள். பக்கத்தில் விழுந்திருக்கும் குரலை அளப்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே ஸ்கேல் அதுதான்.

ஒன்று, வருஷம். ஒரு பாட்டு அது வெளிவருவதற்கு முன்னால் ரேடியோவில் வர முடியாது. ஒரு கேசட்டில் 'பயணங்கள் முடிவதில்லை' பாட்டு இருந்தால் அந்தப் பக்கம் பதிவானது 1982க்கு முன்னால் இருக்க முடியாது. பக்கம் முழுக்கத் தேடி அதில் இருப்பதிலேயே புதிய பாட்டைக் கண்டுபிடித்தால் கீழ் எல்லை கிடைத்துவிடும். மேல் எல்லையைக் குடும்பத்தில்தான் தேட வேண்டும். அந்தக் குரல் எப்போது வீட்டை விட்டுப் போனது? கல்யாணமாகியோ, வேலைக்கோ, ஒரேயடியாகவோ.

இரண்டு, வேகம். கரண்ட் போன ராத்திரிகளில் டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கியிருந்தால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் திருப்பிப் போட்டால் எல்லாமே வேகமாக, கீச்சென்று கேட்கும். பேசுபவர் யார் என்றே தெரியாத அளவுக்குக் குரல் மாறிவிடும். மனிதக் குரலை மட்டும் வைத்து அதைச் சரி செய்ய முடியாது, சரியான குரல் எது என்று நமக்குத் தெரியாதே. ஆனால் அதே இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு இருந்தால் வேலை சுலபம். அதே பாட்டின் நல்ல பதிவை எடுத்துப் பக்கத்தில் வைத்து, சுருதி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த அளவுக்கு மொத்தப் பதிவின் வேகத்தையும் குறைத்தால் போதும். பாட்டு சரியாகும்போது குரலும் சரியாகிவிடும். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம்.

9ஆம் எண் கேசட்டில் இதைத்தான் செய்தேன். கேசட்டில் எழுதியிருந்தது 'புதுப் பாட்டு' என்று மட்டும். ஒரு பாட்டு முடிந்ததும் ஒரு ஆண் குரல்: "ஏல, சவுண்டக் கொறைல. மணி எட்டாவுது, பிள்ள தூங்குது." ஒரு இருமல். உடனே சித்தப்பாவின் குரல், "ஷ்ஷ்... ரிக்கார்டு ஆவுதுப்பா." அடுத்த பாட்டு. மொத்தம் ஆறு விநாடி.

சித்தப்பா 'அப்பா' என்று சொல்வதால் அது என் தாத்தாவாக இருக்க வேண்டும். தாத்தா இறந்தது 1984இல், அப்போது எனக்கு மூன்று வயசு. அவர் குரல் எங்கேயாவது பதிவாகியிருக்கும் என்று வீட்டில் யாருமே நினைத்ததில்லை. அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது எங்கப்பா இல்லல. அவுக கொரலு கனமா இருக்கும்."

பக்கத்தில் இருந்த பாட்டை ஒத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறியிருந்தது. கணக்குப்படி ஆறு சதவீதம் வேகம். அதைக் குறைத்துவிட்டு மறுபடி அப்பாவிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை அவரே மௌஸை எடுத்துத் தப்பும் தவறுமாகப் பின்னால் தள்ளிப் போட்டார்.

ஆறு விநாடியை 4.76ஆல் பெருக்கினால் 28 1/2 சென்டிமீட்டர். என் தாத்தாவின் குரல் என்று உலகத்தில் இருப்பது பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவான நீளமுள்ள டேப்.

கேசட் கடிதம்

சித்தப்பா 1985இல் சவுதி போனார். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்குப் போன் பேசுவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கடிதம் எழுத ஆச்சிக்குத் தெரியாது. அதனால் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த பல குடும்பங்களைப் போல எங்கள் வீட்டிலும் கேசட்டில் பேசி அனுப்பும் பழக்கம் இருந்தது. யாராவது ஊருக்கு வந்தால் அவரிடம் கேசட் வரும், திரும்பிப் போகும்போது பதில் போகும்.

நான் எதிர்பார்த்தது ஒரு பெட்டி நிறையக் குரல் கடிதங்கள். கிடைத்தது மிகக் கொஞ்சம். காரணம் எளிமையானது. பதிலை அதே கேசட்டில்தான் பதிந்து அனுப்பியிருக்கிறார்கள். சித்தப்பா பேசியதன்மேல் ஆச்சி, ஆச்சி பேசியதன்மேல் சித்தப்பா. ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்தைய கடிதத்தை அழித்துவிட்டது. கடைசியில் அதன்மேல் சினிமாப் பாட்டு. எங்கள் தொழிலில் ரிங் பஃபர் என்போம், இடம் தீர்ந்ததும் பழசின்மேல் எழுதிக்கொண்டே போவது. இரண்டு ஊருக்கு நடுவே ஓடிய ரிங் பஃபர் இது.

ஆனாலும் மிச்சம் இருக்கிறது. பதில் எப்போதும் கேள்வியின் அளவுக்கு நீளமாக இருக்காது. இருபது நிமிஷம் பேசியதன்மேல் பதினெட்டு நிமிஷம் பாட்டு பதிந்தால், கடைசி இரண்டு நிமிஷம் பழைய கடிதம் அப்படியே நிற்கும். அதனால் இரண்டு பக்கங்களின் கடைசிப் பகுதியைப் பாட்டு முடிந்த பிறகும் நிறுத்தாமல், டேப் தீரும் வரை ஓடவிட வேண்டும். எனக்குக் கிடைத்த குரல் கடிதங்கள் எல்லாமே இப்படி வாலில் ஒட்டிக்கொண்டிருந்தவைதான். கடிதத்தின் முடிவுப் பகுதி என்பதால் பெரும்பாலும் விடைபெறும் வார்த்தைகள். "சரிய்யா, வைக்கட்டுமா" என்று ஆச்சி டேப் ரிக்கார்டரிடம் கேட்கிறாள். பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நொடி காத்திருக்கிறாள்.

மாற்றும் முறை

நீங்களும் செய்யப் போவதாக இருந்தால், என் அனுபவத்தில் முக்கியமானவை இவை.

வெள்ளையாகப் பூசணம் பூத்த கேசட்டைப் போடாதீர்கள். அது கருவிக்குள் பரவி அடுத்த கேசட்டையும் கெடுக்கும். அதைத் தனியாக வைத்து, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். மற்றவற்றை முதலில் ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் பிரியும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கலாக வரும், டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

விலை மலிந்த புதிய யூஎஸ்பி பிளேயர்களைவிட, பெல்ட் மாற்றிய பழைய நல்ல டெக் மேல். புதிய மலிவுக் கருவிகளில் வேகம் ஆடும். ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சும் வைத்துத் துடையுங்கள். ஹெட்டின் சாய்வைத் திருத்த ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். வேறு கருவியில் பதிந்த கேசட் மங்கலாகக் கேட்டால் அதை இம்மி இம்மியாகத் திருகினால் திடீரென்று தெளிவாகும் ஒரு இடம் வரும். மோனோ கேசட்டையும் ஸ்டீரியோவாகவே பதியுங்கள். மோனோ ஹெட் எழுதிய இடத்தை ஸ்டீரியோ ஹெட் இரண்டு பாதியாகப் படிக்கும், அதில் ஒரு பாதி மற்றதைவிடச் சுத்தமாக இருக்கலாம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். 38 கேசட்களும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிட்டன. அந்த மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கும் வேலை எதையும் செய்யாதீர்கள். செய்வதென்றால் பிரதி எடுத்துச் செய்யுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குப் பாட்டு வேண்டியது, குக்கர் விசில் வேண்டாதது. நமக்கு நேர் எதிர்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருஷம் முன்னால் அத்தை ஐந்து கேசட்களை ஒரு கடையில் கொடுத்து சி.டி.யாக மாற்றி வாங்கினாள். பாட்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் இருந்த 'வேஸ்ட்' எல்லாம் வெட்டி, நேர்த்தியாகத் தந்திருந்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, யார் கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். நல்லவேளை, அத்தை கேசட்களைத் தூக்கிப் போடவில்லை. தாத்தாவின் ஆறு விநாடி இருந்த 9ஆம் எண் அந்த ஐந்தில் ஒன்று.

இந்த வருஷத்தில் கேட்டதில் பிடித்த ஐந்து

வருஷக் கடைசிக்குப் பட்டியல் இல்லாமல் முடியாது இல்லையா?

5. கேசட் 22. ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் வந்த ஒலிச்சித்திரம், 'திருவிளையாடல்'. தருமி புலம்பும் இடத்தில் ரேடியோவுக்கு முன்னால் குறைந்தது நான்கு பேர் அதே வசனத்தைக் கூடவே சொல்கிறார்கள். படம் வந்தது 1965இல், சொல்பவர்களில் இருவர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

4. கேசட் 31. 'விதி' (1984) கதை வசனக் கேசட், கடையில் வாங்கியது. டீக்கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் அந்தக் கோர்ட் காட்சி ஓடாத ஊர் கிடையாது. எங்கள் கேசட்டில் சுஜாதா வாதாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டு அழிந்து, அந்த இடத்தில் நான் ஒன்று இரண்டு சொல்லிப் பழகுகிறேன். யார் அந்த ரிக்கார்ட் பட்டனை அமுக்கியது என்று இன்றுவரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

3. கேசட் 17, 90 நிமிஷக் கேசட். 90 நிமிஷ டேப் மெல்லியது. சுற்றி வைத்த டேப்பில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் மெலிதாகப் படிந்துவிடும். அதனால் ஆச்சி அடுப்படியில் இருந்து கத்திக் கூப்பிடுவதற்கு இரண்டு விநாடி முன்னாலேயே, ரொம்ப தூரத்தில் இருந்து ஆச்சி கூப்பிடுவது கேட்கிறது.

2. கேசட் 28இன் வால். "சரிய்யா, வைக்கட்டுமா."

1. கேசட் 9. தாத்தா.

யார் சொல்வது

கேசட்களுக்கு இன்னும் பத்து வருஷமாவது ஆயுள் இருக்கிறது என்பது என் கணிப்பு, பரணில் ஈரம் படாமல் இருந்தால். ஓட்டும் கருவி அதைவிடச் சீக்கிரம் கிடைக்காமல் போகும். ஆனால் இவை இரண்டையும்விட வேகமாகத் தீர்ந்துகொண்டிருப்பது மூன்றாவது ஒன்று.

38 கேசட்களில் இருந்து 140 குரல் துண்டுகள் பிரித்தேன். அவற்றில் பாதியில் பேசுவது யார் என்று எனக்குத் தெரியாது. எந்த மென்பொருளுக்கும் தெரியாது. சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர். அப்பாவுக்கு 78, அத்தைக்கு 70, சித்தப்பாவுக்கு 66. அப்பாவுக்கு ஏற்கெனவே காது மந்தம். மேல் அலைவரிசை கேட்பதில்லை, பெண் குரல்களையும் குழந்தைக் குரல்களையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுகிறார். அடுத்த வருஷம் இதைவிடக் குறைவாகத்தான் கேட்கும்.

அதனால் வேலையின் வரிசையை மாற்றிவிட்டேன். இரைச்சல் நீக்குவது, பெயர் போட்டு அடுக்குவது, பிரதி எடுப்பது எல்லாம் பிறகு. இப்போது சனிக்கிழமைதோறும் வீடியோ காலில் அத்தையோடு உட்கார்ந்து பத்துத் துண்டு. போடுவேன், அவள் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். இது பால்காரர். இது அடுத்த வீட்டு டீச்சர், அவுக பின்னால மதுரைக்குப் போயிட்டாக. இந்த இருமல் எங்க அம்மை.

போன வாரம் 9ஆம் எண் துண்டு வந்தது. தாத்தாவின் குரல் என்று அப்பா உறுதி செய்ததைச் சொல்லிவிட்டு, ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். "பிள்ள தூங்குதுன்னு தாத்தா சொல்றாகளே, அது யாரு அத்தை?"

"இது என்ன கேள்வி. நீதாம்ல. எம்மடியிலதான் கெடந்த."

என் அட்டவணையில் அந்த வரிசைக்கு எதிரே 'அறையில் இருந்தவர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. தாத்தா, சித்தப்பா என்று இரண்டு பேர் எழுதியிருந்தேன். இப்போது நான்கு பேர். மிச்சம் இருப்பது அறுபத்து மூன்று துண்டுகள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், கருவி வாங்க ஆர்டர் போடும் முன்னால், குரலை அடையாளம் சொல்லக்கூடியவர் யார் என்று யோசித்து அவருக்கு ஒரு போன் போடுங்கள்.